விஸ்கி சவரில் ஒரு முட்டை

1. ஸ்வீட்டா, சால்ட்டா

பார் கவுண்டருக்குப் பின்னால் நான் நின்ற முதல் நாள், ஒரு பிரெஞ்சுக்கார அம்மாவுக்கு விஸ்கியில் உப்புப் போட்டுக் கொடுத்தேன்.

பிள்ளைகளே, இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். இப்போது வேறு ஓட்டல்காரர்கள் எனக்குப் போன் போட்டு அளவு கேட்கிறார்கள். நீங்கள் பார்த்தது இந்த லூர்துவைத்தான். ஆரம்பத்தில் இருந்தவன் வேறு ஆள்.

அப்போது நான் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் பரிமாறும் ஸ்டூவர்டாக இருந்தேன். பழைய வெள்ளைக்காரர் வீட்டை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். உள்முற்றத்தில் சாப்பாட்டு மேசைகள், ஓரத்தில் பார். முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். ஒருநாள் பார்மேனுக்கு அம்மை போட்டுவிட்டது. மேனேஜர் பாஸ்கர் சார் என்னைக் கூப்பிட்டார்.

"லூர்து, நீ போய் பார்ல நில்லு. ஒனக்குக் கை நடுங்காது."

"சார், எனக்கு பீர் தொறக்க மட்டும்தான் தெரியும்."

"வர்றவனுங்க பாதிப் பேரு அதத்தான் கேப்பானுங்க. மீதிப் பேருக்கு சோடா ஊத்திக் குடு."

மதியம் அந்த அம்மா வந்து விஸ்கி சவர் கேட்டார். எனக்கு விஸ்கி தெரியும். சவர் என்றால் புளிப்பு, புளிப்பு என்றால் எலுமிச்சை. எலுமிச்சை சோடா போடத் தெரியாதவன் யார்? வழக்கமாகக் கேட்பதுபோல, "ஸ்வீட்டா, சால்ட்டா மேடம்?" என்று கேட்டேன். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே "ரெண்டும்" என்றார். நான் ரெண்டும் போட்டேன்.

ஒரு வாய் குடித்தவர் கண்ணை மூடிக்கொண்டார். ருசித்துக் குடிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு என்னைக் கூப்பிட்டு, தலையை அண்ணாந்து தொண்டையில் கொப்பளிக்கிற மாதிரி செய்து காட்டி, "முசே, இது இதுக்கா?" என்றார்.

கோபப்படவில்லை. அவருடைய அண்ணனுக்கு ஊரில் பார் இருக்கிறதாம். பேப்பர் நாப்கின்மேல் படம் போட்டுக் காட்டினார். ஒரு பாட்டில், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சர்க்கரைக் கட்டி. கடைசியாக ஒரு முட்டை வரைந்து, அதன் வெள்ளைக்கருவுக்கு மட்டும் டிக் போட்டார். பாஸ்கர் சார் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அந்தம்மா ஏன்யா முட்டை வரையறாங்க? ஆம்லெட் கேக்கறாங்களா?"

"இல்ல சார், விஸ்கில போடணுமாம்."

"சரிதான். நீ உப்பு போட்டதுக்கு அது பரவால்ல."

2. மூன்று பொருள், நூறு விதம்

அம்மை இறங்கிய பார்மேன் திரும்பி வரவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் பாரிலேயே நின்றுவிட்டேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனால் இந்த ஒரு டிரிங்கைப் பற்றி யார் என்ன சொன்னாலும் கேட்டு, நோட்டில் எழுதி வைத்தேன்.

முதலில் யார் இதைக் கலக்கினார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பாய்மரக் கப்பல் காலத்தில் மாசக்கணக்கில் கடலில் போனவர்களுக்குக் காய் பழம் இல்லாமல் ஈறு வீங்கி ரத்தம் வருமாம். எலுமிச்சை கொடுத்தால் நிற்கும். கப்பலில் தண்ணீர் கெட்டுவிடும், சாராயம் கெடாது. அதனால் சாராயத்தில் எலுமிச்சையும், அந்தப் புளிப்புக்குக் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் குடித்திருக்கிறார்கள். மருந்தாக ஆரம்பித்தது கரைக்கு வந்து பழக்கமாகிவிட்டது என்கிறார்கள். அமெரிக்காவில் விஸ்கி அதிகம், அதனால் அங்கே விஸ்கி சவர். நூறு வருஷத்துக்கும் முந்தைய அமெரிக்க பார் புத்தகங்களிலேயே இதன் செய்முறை இருக்கிறதாம்.

அடிப்படை மூன்றே பொருள். விஸ்கி, எலுமிச்சை, சர்க்கரை. முட்டையின் வெள்ளைக்கரு பிற்பாடு வந்து சேர்ந்தது. அது சேர்ந்தால் போஸ்டன் சவர் என்று சிலர் பெயர் சொல்வார்கள். மேலே சிவப்பு வைன் மிதக்கவிட்டால் நியூயார்க் சவர். ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் வைனை மெதுவாக விட வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் கலந்து நாவல்பழத் தண்ணி மாதிரி ஆகிவிடும். நம் ஊருக்கு வரும் பிரெஞ்சுக்காரர்கள் இதை விரும்பிக் கேட்பார்கள். சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றினால் அதற்கு வேறு பெயர். நான் பனங்கற்கண்டைப் பாகு காய்ச்சி ஊற்றிப் பார்த்தேன். நிறம் கொஞ்சம் மங்கும், ஆனால் தொண்டையில் ஒரு வாசனை நிற்கும். இது எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

அளவையும் எழுதிவிடுகிறேன். விஸ்கி அறுபது எம்.எல்., அதாவது ஒரு லார்ஜ். வெளிநாட்டில் மஞ்சளாகப் பெரிய பழம், சாறு முப்பது ஊற்றுவார்கள். நம் ஊர் எலுமிச்சைக்குப் புளிப்பு அதிகம், இருபத்திரண்டு போதும். சர்க்கரைப் பாகும் அதே அளவு. பழத்தைத் தோல் நசுங்கும்வரை பிழியக்கூடாது, கசப்பு இறங்கிவிடும். காலையில் பிழிந்த சாறு சாயங்காலத்துக்கு ஆகாது. எல்லாவற்றையும் ஷேக்கர் டப்பாவில் போட்டு, வெள்ளைக்கருவைச் சேர்த்து முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்க வேண்டும், பிறகு ஐஸ் போட்டு. ஐஸ் இல்லாமல் குலுக்கும்போது உள்ளே காற்று விரிந்து ஷேக்கர் மூடியைத் தூக்கும். கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளாவிட்டால் சட்டையெல்லாம் விஸ்கி. எனக்கு அது மூன்று தடவை ஆகியிருக்கிறது. உங்கள் அம்மா துவைக்கும்போது திட்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

ஊற்றினால் மேலே இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை நிற்கும். அதன்மேல் பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாரம் இரண்டு சொட்டு. அந்தச் சொட்டு அழகுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பச்சை முட்டைக்கு ஒரு கவிச்சி வாடை உண்டு. மூக்கைக் கிளாஸில் வைத்தவுடன் அது வராமல் பிட்டர்ஸ் மறைத்துவிடும். நான் அதை அவ்வளவு சரியாகச் செய்வேன். முட்டை இருப்பதே தெரியாது. அதுதான் என் பெருமையாக இருந்தது, அதுவே பிறகு என் வம்பாகவும் ஆனது.

3. கறி மீன் ஆகாதவர்

சனிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு வேணு ஐயா வருவார். அறுபதை நெருங்கிய வயது. பாகூர்ப் பக்கம் நிலம், முதலியார்பேட்டையில் வீடு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. வெளியே டிரைவர் இருப்பார். ஐயா முற்றத்தில் மூலை மேசையில் உட்கார்ந்து இரண்டு கிளாஸ் சோடா விஸ்கி குடித்து, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

முதல் தடவை சைட் டிஷ் கேட்டபோது, "எனக்குக் கறி மீனு ஆவாதுபா. அது இல்லாம எதாச்சும் குடு" என்றார். கிச்சனிலிருந்து வெள்ளைக் கொண்டைக்கடலைச் சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்து எப்போதும் சுண்டல்தான்.

ஒருநாள் நான் ஷேக்கரைக் குலுக்குவதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"என்னாபா அது, மோரு கடையற மாதிரி இந்த ஆட்டு ஆட்டற?"

"விஸ்கி சவருங்க ஐயா. எலுமிச்சம்பழம், சர்க்கரை போட்டது."

"எனக்கும் ஒண்ணு ஆட்டு, பாப்போம்."

கொடுத்தேன். மீசையில் நுரையோடு நிமிர்ந்து பார்த்தார். "தொண்டைய அறுக்காம போவுதே" என்றார். அன்றிலிருந்து சோடாவை விட்டுவிட்டார். வாரத்துக்கு இரண்டு விஸ்கி சவர். ஐந்து மாதம் அப்படிப் போனது. நண்பர்களைக் கூட்டிவந்து, "லூர்து கையால குடிச்சிப் பாருங்க" என்று சொல்லுவார். பாஸ்கர் சாரிடம், "என் அறுபதாம் கல்யாணத்து விருந்து இங்கதான், எழுதி வச்சிக்க" என்றும் சொல்லியிருந்தார்.

நான் எங்கே தப்புப் பண்ணினேன் என்று பாருங்கள். கறி மீன் ஆகாது என்று அவர் முதல் நாளே சொன்னார். நம் வீட்டில் தவக்காலத்து வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். கறி கிடையாது. அன்றைக்கு உங்கள் அம்மா என்ன செய்வாள்? முட்டைக் குழம்பு. சின்ன வயசிலிருந்தே எனக்கு முட்டை என்பது கறி சாப்பிடாத நாளின் சாப்பாடு. அதோடு, பாரில் உட்கார்ந்து விஸ்கி குடிக்கிறவர் முட்டை சாப்பிடமாட்டார் என்று யாருக்காவது தோன்றுமா? நம் ஊர் பாரில் பாட்டில் வருவதற்கு முன்னால் ஆஃப் பாயில் வந்துவிடும். எலுமிச்சம்பழம், சர்க்கரை என்று சொன்ன வாய் முட்டை என்று சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

4. ஃபிரைட் ரைஸ்

அந்தச் சனிக்கிழமை ஐயா வெஜிடபிள் ஃபிரைட் ரைஸ் கேட்டிருந்தார். இரண்டாவது சவரும் முடிந்திருந்தது. இரண்டு வாய் எடுப்பதற்குள் ஸ்பூனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். தட்டு ஓரத்தில் மஞ்சளாக ஒரு துணுக்கை ஒதுக்கி வைத்திருந்தார்.

"லூர்து, இது என்னா?"

பார்த்தேன். "முட்டைங்க ஐயா. வேற ஆர்டர் போட்ட சட்டியிலயே கிளறிட்டாங்க போல."

"மாத்திக் குடுக்கச் சொல்லுபா. கோச்சிக்கல. இருவத்திரெண்டு வருஷம் ஆவுது முட்டைய தொட்டு."

"முட்டையும் சாப்புட மாட்டீங்களா ஐயா?"

"எங்க அம்மா மாசாமாசம் வடலூர் போறவங்க. படுக்கையில விழுந்தப்ப என் கையப் புடிச்சி, உசுர்னு எதயும் திங்காதடா, முட்டையும் சேத்துதான்னு சொன்னாங்க. சரின்னேன். இந்த விஸ்கிய பத்தி அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அதயும் விடச் சொல்லியிருப்பாங்க. சொல்லல, நானும் கேக்கல."

சொல்லிச் சிரித்தார். பேசிக்கொண்டே, சவர் கிளாஸின் அடியில் ஒட்டியிருந்த நுரையை ஸ்பூனால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு கிச்சனுக்குப் போனேன். ஐந்து மாதம், வாரத்துக்கு இரண்டு கிளாஸ் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டேன்.

5. இரண்டு பேரிடம் கேட்டேன்

முதலில் பாஸ்கர் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் ஒங்களுக்கும் சார்."

"அப்ப யாருக்கும் தெரியாது. உட்டுடு."

"சார், அவரு அம்மாவுக்குக் குடுத்த வாக்கு சார்."

"நுரையில எங்கயா முட்டை? அது வெறும் காத்து. தெரியாம சாப்ட்டா அவருக்கு ஒண்ணும் ஆவாது. நீ போய்ச் சொன்னாதான் ஆவும். அந்த விருந்து போச்சி, அவரு கூட்டி வர்ற ஆளு போச்சி. நாளைக்கு ஊரு பூரா, அந்த ஓட்டல்ல தண்ணியில முட்டை கலக்கறான்னு பேசும். அடுத்த வாரத்துலேருந்து முட்டை போடாம குடு. முடிஞ்சிது."

அவர் சொன்னதில் பாதி எனக்கும் சரியாகத்தான் பட்டது. அடுத்த வாரம் முட்டையில்லாமல் கொடுத்தால், நுரை எங்கே என்று கேட்பார். அதற்கு ஒரு பொய் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த வாரம் இன்னொன்று. அது மட்டும்தான் எனக்கு ஒத்துவரவில்லை.

சாயங்காலம் வீட்டில் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பூசைக்கு முன்னாடி பங்குசாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்துடறேன் மேரி. மனசு லேசாவும்."

அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சாமியாருக்கா முட்டை குடுத்த? குடிச்சவருகிட்ட போய்ச் சொல்லு."

"வேல போயிடும்."

"போனா வேற தேடு. கண்ட பொய்ய தூக்கிட்டு வூட்டுக்கு வராத. புள்ளைங்க இருக்குது."

உங்களைத்தான் சொன்னாள். நீங்கள் அப்போது வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

6. சொன்னது

அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஐயா வந்து உட்கார்ந்தார். வழக்கம்போலக் கையைக் காட்டினார். நான் கலக்காமல் மேசைக்குப் போனேன். வாரம் முழுக்க என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"ஐயா, விஸ்கி சவர்ல முட்டை இருக்குதுங்க. வெள்ளைக்கரு. அந்த நுரை அதாலதான் வருது. நீங்க முட்டை சாப்புட மாட்டீங்கன்னு எனக்குப் போன வாரம்தான் தெரியும். மொத நாளே நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

அவர் என்னையே பார்த்தார். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். எங்களைப் பார்த்து இல்லை, இருந்தாலும் எனக்குச் சுட்டது.

"எத்தன மாசமா?"

"அஞ்சு மாசங்க."

"ஒவ்வொரு கிளாஸுலயுமா?"

"ஒவ்வொரு கிளாஸுலயும்."

வாயைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் எதுவும் குடித்திருக்கவில்லை. "நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"தெரிஞ்சிருக்காதுங்க."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"அது ஒங்க வாக்குங்க. உடைஞ்சது எனக்கு மட்டும் தெரிஞ்சி, ஒங்களுக்குத் தெரியாம இருக்கறது சரியில்லங்க" என்றேன்.

எழுந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். கார் புறப்படும் சத்தம் கேட்டது.

பாஸ்கர் சாருக்கு விஷயம் தெரிய ஐந்து நிமிஷம் ஆகவில்லை. பார் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஒனக்கு முட்டைதான பிரச்சின? நாளைலேருந்து காலம்பற டிபன்ல ஆம்லெட் போடு. அதுல முட்டை இருக்குதுன்னு யாருக்கும் நீ சொல்ல வேண்டியதில்ல."

7. ஆம்லெட் கவுண்டர்

இரண்டு மாதத்துக்குமேல் ஆம்லெட் போட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் ஆம்லெட்டும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனசு பாரில் இருந்தது. முட்டையில்லாமல் அந்த நுரையை எப்படி நிற்க வைப்பது என்ற யோசனை என்னை விடவில்லை. ஐயா இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவருக்காக என்று சொன்னால் பொய். எனக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மோர் ஊற்றிப் பார்த்தேன், திரிந்துவிட்டது. சோடாவை மேலே விட்டால் நுரை வந்தது, எண்ணி முடிப்பதற்குள் அடங்கிவிட்டது.

கிச்சனில் மங்கை அக்கா என்று ஒருத்தர் இருந்தார். சுண்டலுக்குக் கடலை வேகவைப்பது அவர் வேலை. ஒருநாள் காலையில் அவர் குக்கரிலிருந்து கடலைத் தண்ணீரைச் சிங்கில் கொட்டினார். தண்ணீர் போய்விட்டது, நுரை போகவில்லை. கரண்டியால் தட்டினாலும் நின்றது. நான் அடுப்பில் ஆம்லெட்டை விட்டுவிட்டுச் சிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"லூர்து, கருகுது பாரு."

"அக்கா, நாளைக்கு இந்தத் தண்ணிய கொட்டாம வச்சிரு."

"எதுக்குடா, குளிக்கவா?"

முதல் தடவை உப்புக் கரித்தது. அக்கா உப்புப் போட்டு வேகவைப்பார். மறுநாள் ஒரு பிடி கடலையை உப்பில்லாமல் தனியாக வேகவைத்துத் தரச் சொன்னேன். நுரை வந்தது, நிற்கவில்லை. அதற்கடுத்த நாள் அந்தத் தண்ணீரைப் பாதியாகச் சுண்டவைத்து, ஃபிரிட்ஜில் வைத்து, ஆறியபின் எடுத்தேன். வெள்ளைக்கரு மாதிரியே கொழகொழவென்று இருந்தது. பாரிலிருந்து விஸ்கி எடுக்க எனக்கு அனுமதி இல்லை. அதனால் எலுமிச்சைச் சாறும் பாகும் மட்டும் சேர்த்து, டிபன் கேரியர் டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். மூடி தூக்கியது. அப்போதே தெரிந்துவிட்டது. ஊற்றினேன். இரண்டு விரல் நுரை. பத்து நிமிஷம் நின்றது. கவிச்சி கிடையாது. முகர்ந்து பார்த்தால் லேசாகப் பயறு வாசனை, அதை இரண்டு சொட்டு பிட்டர்ஸ் பார்த்துக்கொள்ளும்.

வெளிநாட்டில் இதை முன்பே சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பரவாயில்லை. அவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு எங்கள் கிச்சன் சிங்க் சொல்லிக்கொடுத்தது.

8. விருந்து

ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு ஆம்லெட் கவுண்டர் முன்னால் வெள்ளை வேட்டி வந்து நின்றது. நிமிர்ந்தால் வேணு ஐயா.

"இங்கயா நிக்கற?"

"ஆமாங்க ஐயா."

"என்னாலயா?"

"இல்லங்க. என்னாலதான்."

சட்டியிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார். "அன்னைக்கு வூட்டுக்குப் போயி அம்மா படத்துக்கு முன்னாடி நின்னு சொன்னேன். அதுக்கப்புறம் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். சாமான பூரா தேய்ச்சிக் கழுவிட்டு, நாலு நாளு என்கிட்ட பேசல. அஞ்சாம் நாளு, ஒங்களுக்கு யாரு சொன்னாங்கன்னு கேட்டா. ஊத்துன ஆளே சொன்னான்னேன். அதுலேருந்து அவளுக்கு யோசனை வந்துடிச்சி."

"என்னா யோசனைங்க?"

"விருந்துக்கு வர்ற சொந்தக்காரங்க பாதிப் பேரு வடலூர் போறவங்க. மீதிப் பேரு கறி திங்கறவங்க. ரெண்டும் ஒரே எடத்துல வைக்கணும். எந்தத் தட்டுல என்னா இருக்குதுன்னு பொய் சொல்லாம சொல்றதுக்கு ஓட்டல்ல ஒரு ஆளு வேணும்னா. அந்த ஆளு நிக்கிறான்னா அங்க வைங்க, இல்லன்னா மண்டபத்துல சாம்பார் சோறு போதும்னுட்டா."

பாஸ்கர் சார் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பார் சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று தேடினார்.

விருந்து நாள் பகலில் நான் முற்றத்து வாசலில் நின்றேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் பெரிய எழுத்தில் அட்டை எழுதி வைத்திருந்தேன். கேட்டவர்களுக்கு வாயாலும் சொன்னேன். எந்தச் சட்டியில் எது வெந்தது என்று காலையிலிருந்து கிச்சனிலேயே நின்று பார்த்திருந்தேன். அதனால் எனக்குத் தயக்கம் இல்லை.

பாயசம் முடிந்தபின் ஐயா பாருக்கு வந்தார். நான் கடலைத் தண்ணீரில் செய்த சவரை அவர் முன்னால் வைத்து, விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். "விஸ்கி, எலுமிச்சம்பழம், சர்க்கரைப் பாகு, கொண்டக்கடல வெந்த தண்ணி, பிட்டர்ஸ் ரெண்டு சொட்டு. அவ்வளவுதாங்க."

"கடலத் தண்ணியா? அத நாங்க மாட்டுக்கு ஊத்துவோம்பா."

"தெரியுங்க ஐயா."

நுரையைப் பார்த்தார், முகர்ந்தார், குடித்தார். மீசையைத் துடைக்காமலே அடுத்த வாயும் குடித்தார். "மாட்டுக்கு இனிமே கெடயாது" என்றார்.

பிறகு என் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பட்டுப்புடவையில் அவருடைய வீட்டம்மாவும் சொந்தக்காரர்கள் இருபது முப்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்கு அஞ்சு மாசம் முட்டை ஊத்திக் குடுத்தவரு இவருதான்" என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டம்மா எழுந்து வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "வந்து சொன்னவரும் இவருதான?" என்றார். பிறகு திரும்பிச் சமையல்காரரைக் கூப்பிட்டு, "இந்தத் தம்பிக்கு எல போடுங்க, காலைலேருந்து நின்னுட்டே இருக்காரு" என்றார்.

அந்த ஓட்டலில் நான் பரிமாறியிருக்கிறேன், கலக்கியிருக்கிறேன், ஆம்லெட் போட்டிருக்கிறேன். விருந்தாளி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

பிள்ளைகளே, நான் உங்களைக் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நானே ருசி பார்க்க ஒரு ஸ்பூனுக்குமேல் குடித்ததில்லை. நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும், அடுத்தவர் கண்ணால் பார்க்க முடியாத ஓர் இடம் அந்த வேலையில் இருக்கும். அங்கே என்ன போட்டீர்கள் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். தப்பாகப் போட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான். இப்போது எங்கள் பார் கார்டில் விஸ்கி சவர் இரண்டு வரியாக இருக்கிறது. ஒன்றில் முட்டை உண்டு, ஒன்றில் இல்லை. அந்தக் கார்டை எழுதியது நான். அச்சடித்து வந்தபிறகும், ஒவ்வொரு மேசைக்கும் போய் வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் ஷேக்கரைக் கையில் எடுக்கிறேன்.